எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்

முதலில் நாங்கள் மழையைத்தான் சந்தேகப்பட்டோம். சித்திரையில் ஒரு கோடை மழை வந்து, வெறித்த மறுநாள், முற்பகலில் வாசல் மணி அடித்தது. என் மனைவி மாடி அடுப்படியிலிருந்து இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மறுபடி ஏறி வந்து தோசைக்கல்லைத் தொடுவதற்குள் இன்னொரு தடவை அடித்தது. அப்போதும் யாரும் இல்லை.

"பட்டன்ல தண்ணி எறங்கிருக்கும்" என்று போனில் சொன்னேன். எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசல் நிலையிலிருந்து பட்டனைக் கழற்றி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றி ஒட்டினேன். அது வயர் இல்லாத மணி. வாசலில் பட்டன்; உள்ளே பிளக்கில் சொருகிய ஒரு வெள்ளைப் பெட்டி. மாடியில் இருந்தால் கதவு தட்டுவது கேட்கவில்லை என்று மனைவி பல காலம் சொல்லி, அந்தப் பங்குனியில்தான் ரத வீதியில் ஒரு கடையில் வாங்கி மாட்டியிருந்தேன்.

பிளாஸ்டிக் உறைக்கு மணி அடங்கவில்லை. பேட்டரி மாற்றினேன். திருகாணியை இறுக்கியதில் பட்டன் அமுங்கிக்கொண்டே நிற்கிறதோ என்று தளர்த்தினேன். பெட்டியை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்து வேறு பிளக்கில் சொருகினேன். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் அவர், "பக்கத்துல யாராவது டிவி ரிமோட்டப் போட்டு அமுக்குதாங்களோ என்னமோ அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். சில நாள் ஒரு தடவைகூட அடிக்காது. சில நாள் விடாமல் அடிக்கும். மனைவிக்கு முழங்கால் வலி. படி இறங்கி இறங்கி, ஒரு கட்டத்தில் மணி அடித்தாலும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்படி உட்கார்ந்த அன்று பார்த்து கேஸ் சிலிண்டர் வந்து திரும்பிப் போனது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கட்டியது ஒரு தெருவில் தொடங்கி பின்பக்கச் சந்தில் முடிகிற நீள வீடு. அப்பா காலத்துக்குப் பிறகு அதை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தோம். முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி எனக்கு. அவன் வாசல் கிழக்கே பெரிய தெருவைப் பார்த்து இருக்கும். என் வாசல் மேற்கே சந்தைப் பார்த்து இருக்கும். அவன் வாசலில் யார் நின்றாலும் எனக்குத் தெரியாது. சுற்றிப் போனால் நாலு வீடு கடக்க வேண்டும்.

பாகம் பிரித்ததில் எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்தது அதற்குப் பிறகு, அவன் மகள் கல்யாணத்தில். ஒரே பிள்ளை. கோவில்பட்டியில் வேலை பார்த்தபோது பனவடலிசத்திரம் பக்கத்துப் பையன் ஒருவனை விரும்பினாள். கிறிஸ்தவக் குடும்பம், உரக்கடை வைத்திருந்தார்கள், நல்ல மனிதர்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவள் என்னிடம் வந்து அழுதாள். ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அது சரியென்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். மகள் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்று மதினியிடம் சொல்லிவிட்டான். அவர்கள் குடியிருந்த கோவில்பட்டிக்கு பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை யாரும் கடக்கவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்த சேதியை மதினிக்குச் சொன்னதுகூட என் மனைவிதான், அதுவும் காய்கறிக் கடையில் வைத்து, காதோடு காதாக.

மணி அந்த ஆடி மாதம் ரொம்பவும் படுத்தியது. ஆடித்தபசுத் திருவிழா அன்று கடையைச் சாத்திவிட்டு நான் வீட்டில்தான் இருந்தேன். ஊர் முழுக்கக் கூட்டம். கோவில் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம். சாயங்காலம் தபசுக் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்ததால் கொஞ்சம் படுத்திருந்தேன். மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. விருந்தாளி யாராவது இருக்குமோ என்று இறங்கிப் போய்த் திறந்தேன். சந்தில் ஈ, காக்கா இல்லை. கதவைச் சாத்தும்போதே என் தலைக்குப் பின்னால் மூன்றாவது தடவை அடித்தது. "சனியன்" என்று சொல்லி, பட்டனைப் பிய்த்தெடுத்து பேட்டரியை உருவி மேசையில் போட்டேன்.

பேட்டரி இல்லாத பட்டன் மேசையில் கிடக்க, இரண்டு நாள் கழித்து மணி மறுபடி அடித்தது. அதைக் கண்டு நான் உண்மையிலேயே கொஞ்சம் பயந்தேன். என் மனைவிதான் யோசித்தாள். உள்ளே போய் வெள்ளைப் பெட்டியையும் பிளக்கிலிருந்து உருவி வைத்தாள்.

"இப்ப அடிக்கான்னு பாப்போம்" என்றாள்.

அன்று மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதே மணிப் பாட்டு கேட்டது. ஆனால் எங்கள் பெட்டியிலிருந்து அல்ல. அப்பா வீட்டின் நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, போர்வைக்குள் பாடுவது மாதிரி மெல்லக் கேட்டது. என் மனைவி சோற்றுக் கையோடு எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

"இது அத்தான் வீட்டு மணி. நம்ம மணி மாதிரியே அவங்களும் வாங்கிருக்காங்க. அங்க அமுக்குனா நம்ம வீட்டுல அடிச்சிருக்கு."

அப்படியென்றால் எங்கள் பட்டனை அமுக்கினால் அவர்கள் வீட்டிலும் அடித்திருக்க வேண்டும். அது ஏனோ எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. போய்ச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். அண்ணனிடம் நான் பேசி எவ்வளவு காலமாயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மணியப் பத்தித்தான பேசப் போறீங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம். போயிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் என் பட்டனையும் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சந்தைச் சுற்றிப் பெரிய தெருவுக்குப் போனேன். அண்ணன் வாசல் நிலையில் என்னுடையதைப் போலவே ஒரு பட்டன். அதை அமுக்கிவிட்டு நின்றேன். கதவு உடனே திறந்தது. அவ்வளவு சீக்கிரம் திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் இளமையிலிருந்தே தறி ஓட்டியவன். சொந்தமாக நாலு விசைத்தறி போட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தவன். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தாலும் இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவனுக்குக் கேட்க வேண்டுமென்றுதான் மதினி இந்த மணியை வாங்கி, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருந்தாள். நான் வாங்கிய அதே கடையில், அதே மாசத்தில்.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, உடனே போய்விட்டது. கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"என்னலே?" என்றான்.

"மணி விஷயமா வந்தேன்" என்று பட்டனை எடுத்துக் காட்டினேன்.

உள்ளே மதினி, "வாங்க தம்பி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்க்காதவன் மாதிரி உட்கார்ந்தேன். கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். துண்டு அதன் மேல் கிடந்தது. வீட்டில் எப்போதும் இடுப்பில் சாரமும் வெறும் உடம்புமாக இருக்கிறவன், அந்த வேக்காட்டு மத்தியானத்தில் தேய்த்த சட்டை போட்டிருந்தான். எங்கேயோ வெளியே கிளம்புகிறான் போல என்று எண்ணினேன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். மதினி வாயில் கை வைத்துக்கொண்டாள். "இங்கயும் அதே கததான் தம்பி. தொறந்தா ஆளே இருக்காது. நான் ஒரு எலுமிச்சம்பழத்த வாங்கி நிலையில கட்டிப் போட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

அவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தறிச் சாமான் பெட்டியிலிருந்து மெல்லிய திருப்புளி ஒன்றை எடுத்து வந்தான். இரண்டு பட்டன்களையும் திறந்தான். உள்ளே அரிசி அரிசியாக, வரிசையில் சின்ன சுவிட்சுகள் இருந்தன. அவன் பட்டனிலும் என் பட்டனிலும் அவை ஒரே மாதிரி நின்றன. அதனால்தான் ஒரு பட்டனுக்கு இரண்டு வீட்டிலும் அடித்தது. எங்கள் இரண்டு தலையும் கிட்டத்தட்ட முட்டும்படி குனிந்திருந்தோம். சின்ன வயசில் இப்படித்தான் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கினோம். அதைச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மணியைப் பற்றி மட்டும் பேசு என்று மனைவி சொன்னதை நினைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டேன்.

அவன் என் பட்டனில் ஒரு சுவிட்சைத் திருப்புளி முனையால் நகர்த்தினான். பிறகு நிமிராமலே கேட்டான்.

"அப்ப, இத்தன நாளும் இங்க அடிச்சது?"

"எங்க வீட்டுக்கு வந்தவங்க அண்ணே. பால்காரரு, கூரியர்காரன், துணி தேய்க்கிறவரு..."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

திருப்புளி அந்தச் சுவிட்சின் மேலேயே நின்றது. அவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். காதுப் பக்கம் குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எல்லாமே எங்க வீட்டுக்கு வந்தவங்கதான்!" என்று சொன்னேன்.

"கேட்டுச்சுலே. ஏன் கத்துத?" என்றான்.

பெட்டியின் பொத்தானை விளக்கு மின்னும் வரை அமுக்கிப் பிடித்து, என் பட்டனை ஒரு தடவை அமுக்கி, புது ஜோடி சேர்த்தோம். என்னுடையதை அமுக்கினால் என்னுடையது மட்டும் அடித்தது. அவனுடையதை அமுக்கினால் அவனுடையது மட்டும். மதினி காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, "வாரேன் அண்ணே" என்றேன். தலையை ஆட்டினான். வீட்டுக்கு வரும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பேச்சு தொடங்கிவிட்டது, இனி ஒவ்வொன்றாகச் சரியாகும் என்று மனைவியிடம் சொன்னேன்.

ஆனால் பேச்சு தொடரவில்லை. புரட்டாசிக் கடைசியில் மதினி ஏதோ ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தாள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றாள். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"இருக்காரு தம்பி. கதவுப் பக்கமே போறதில்ல. மணி அடிச்சா, நீ போய்ப் பாருங்காரு."

"அன்னைக்கு நான் வந்தப்ப ஒடனே தொறந்தானே மதினி."

அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அப்பல்லாம் அப்படித்தான். அடிச்ச ஒடனே எந்திச்சு ஓடுவாரு. யாரும் இருக்க மாட்டாங்க. தெருமுன வரைக்கும் போய்ப் பாத்துட்டு வருவாரு. 'வந்துட்டுத்தான் போயிருக்கா. நான் கதவத் தொறக்கதுக்குள்ள பயந்து போயிட்டா'ம்பாரு. நான் இல்லன்னு சொன்னா கேக்க மாட்டாரு. எந்திச்சு வர நேரமாகுதுன்னுதான் கதவுகிட்டயே நாற்காலியப் போட்டு உக்காந்தாரு. புள்ள வந்தா நீ ஒண்ணும் கேட்டுறாதன்னு எங்கிட்டச் சொன்னாரு தம்பி. அவ பேரையே எடுக்காத மனுசன்."

மிஷினில் காகிதம் சிக்கிக்கொண்டு நின்றது. நான் அதை எடுக்கவில்லை.

"நீங்க வந்து சொன்ன அன்னைக்குச் சாயங்காலம் நாற்காலியத் தூக்கி உள்ள போட்டுட்டாரு. நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க. இருக்கதத்தான சொன்னீங்க."

அன்று கடையை முன்னதாகச் சாத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தைத் தாண்டி ஒதுக்குப்புறமாகப் போய் நின்று அண்ணன் மகளைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததெல்லாம் சொன்னேன். "ஒங்கப்பா ஒனக்காகக் கதவுகிட்ட உக்காந்திருந்தாரு மக்கா. ஒரு தடவ வந்து பாரு" என்றேன்.

"நான் வந்தேனே சித்தப்பா" என்றாள்.

"எப்ப?"

"ஆடித்தபசு அன்னைக்கு. பாப்பாவத் தூக்கிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுலேந்து கூட்டத்துக்குள்ள நடந்தே வந்தேன். மூணு தடவ பெல் அமுக்குனேன். கதவையும் தட்டுனேன். உள்ள அப்பா நடமாட்டம் ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது. தொறக்கல. ஒங்க வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்தா அப்பாவுக்கு ஒங்க மேல இன்னும் கோவம் ஏறும்னு அப்படியே திரும்பிட்டேன்."

ஆடித்தபசு அன்று மத்தியானத்திலிருந்து எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. என் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அண்ணன் வீட்டில் கிடையாது. பிளக்கில் சொருகிய அவன் பெட்டி செத்துக் கிடந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் கதவு தட்டியது அவன் காதுக்கு எட்டியிருக்காது. மதினி கோவிலுக்குப் போயிருந்தாள். அந்த மூன்று மணியும் என் வீட்டில் மட்டும்தான் அடித்தது. அவள் இல்லாத மணியை எல்லாம் அவன் கேட்டான். அவள் வந்த மணியை நான் கேட்டேன். கேட்டு, "சனியன்" என்று திட்டினேன்.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். கரண்ட், இன்வெர்ட்டர், பட்டனுக்குள் இருந்த சுவிட்ச். "அப்பாவுக்கு அம்புட்டுக்கா காது கேக்கல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "சரி சித்தப்பா" என்றாள். நம்பாதவர்கள் பேச்சை முடிப்பதற்குச் சொல்கிற சரி அது. வா என்றதற்கு, "கைப்பிள்ளையோட ஒரு தடவ நின்னது போதும்" என்றாள்.

மறுநாளே அண்ணனிடம் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எதிரே நாற்காலி போட்டு, அவனுக்கு என் உதடு தெரியும்படி உட்கார்ந்து சொன்னேன்.

"புள்ள வந்திருக்கா அண்ணே. தபசு அன்னைக்கு வந்திருக்கா. பாப்பாவையும் தூக்கிட்டு."

"யாரு சொன்னா?"

"அவதான். போன்ல பேசுனேன்."

"நீதானலே சொன்ன, எல்லாம் ஒங்க வீட்டுக்கு வந்தவங்கன்னு."

"அது தெரியாமச் சொன்னது. அன்னைக்கு கரண்ட் இல்ல. ஒன் வீட்டுல அடிக்கல, எங்க வீட்டுல மட்டும்..."

அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். கோபமாக இல்லை. சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வது மாதிரி என் முழங்காலில் தட்டினான்.

"விடுலே. எனக்காக நீ ஒண்ணும் புதுசாச் சொல்ல வேண்டாம்."

அவள் நான் சொன்னதை நம்பவில்லை. அவனும் நம்பவில்லை. முதலில் சொன்னதை மட்டும் அவன் உடனே நம்பினான். ஏன் அன்றைக்கு "எல்லாந்தான்" என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பால்காரர் வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். கண்டுபிடித்தவனுக்கு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது.

தை கழிந்து, மாசியில் மதினிக்குப் பொறுக்கவில்லை. அண்ணனிடம் சொல்லாமல் தனியே கோவில்பட்டி பஸ் ஏறினாள். மகளையும் பேத்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னையும் என் மனைவியையும் வரச் சொல்லியிருந்தாள். அண்ணன் எழுந்து நின்றான். "வா" என்றான். "சாப்ட்டியா?" என்றான். அவள் காலில் விழுந்தாள். அவன் தூக்கிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. என் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அதற்குள் அவன் காது முழுசாகவே போயிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரர் பற்றி, மாமியார் பற்றி, குழந்தைக்கு வந்த காய்ச்சல் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காய்ச்சலுக்கும் சிரித்தான். குழந்தை ஆடியில் கைப்பிள்ளை, இப்போது நடக்கிறது. அது அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லிக் கொடுத்தபடி, "தாத்தா, தாத்தா" என்றது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தான்.

சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட நான் போனேன். குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது. வழியில் அவள் சொன்னாள்.

"தபசு அன்னைக்கு நடந்ததப் பத்தி அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன் சித்தப்பா. கேக்க முடியல."

"கேட்டிருக்கலாமே மக்கா."

"சத்தம் போட்டுக் கேக்குற விஷயமா அது?"

கோவில்பட்டி பஸ் புறப்பட நின்றது. அவள் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து கையை நீட்டினாள். தூக்கம் கலையாமல் குழந்தையைக் கொடுத்தேன்.